தாங்குகிறவரையும் தாங்குவோம்

அய்யா துணை



போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. உச்சிப்படிப்பு முடிந்து, எல்லோரும் இனிமம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சகோதரி மட்டும் தூண் ஓரமாக நின்றிருந்தார். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, எங்க வீட்ல அவங்களுக்குக் கேன்சர் முத்திப் போச்சு. இனி மருந்து ஏத்திப் பிரயோசனம் இல்ல, வீட்ல வச்சுப் பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எட்டு மாசமா நான் ஒருத்திதான் பாக்குதேன். ராத்திரி தூக்கம் கிடையாது. சில நேரம், அய்யா சீக்கிரம் கூப்பிட்டுக்கிடக் கூடாதான்னு மனசுல வந்துருது. இப்படி நினைச்சுக்கிட்டு நான் அய்யா முன்னால வந்து நிக்கலாமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அய்யா பாத்துக்குவார்மா" என்று சொல்லி, நெற்றியில் நாமம் சாற்றி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. அய்யா பார்த்துக்கொள்வார் என்பது சத்தியம். ஆனால் எட்டு மாதமாக அவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, தாங்கலில் இருக்கும் நாங்கள் என்ன பார்த்தோம்? அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். படித்தவன் என்ற முறையில் அல்ல. அதே தவறை என் வீட்டிலேயே செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் தெற்கே இருந்து பண்ருட்டிப் பக்கம் மளிகைக் கடை வைக்க வந்த குடும்பம். என் அம்மாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது, ஆறவில்லை. வாய்ப்புண்தானே என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டோம். காட்டியபோது புற்றுநோய் என்றார்கள். சிகிச்சை எல்லாம் செய்தும் பிடிக்குள் வரவில்லை. கடைசி ஐந்து மாதம் வீட்டில் படுக்கைதான்.

அந்த ஐந்து மாதமும் நான் தாங்கல் பணிவிடையை ஒரு நாள்கூட விடவில்லை. காலை நாலரைக்கு எழுந்து போவேன். தூத்துப் பெருக்கி, விளக்கேற்றி, பால் வைத்து, அதற்குப் பிறகு கடை. ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு. "அம்மா படுத்த படுக்கையா கெடந்தும் பணிவிடையை விடலியே" என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது.

வீட்டில் என் மனைவி தனி ஆள். புண்ணைக் கழுவுவது, கஞ்சியை வடிகட்டி ஸ்பூனில் ஊட்டுவது, நாற்றம் போகத் துணிகளை வெந்நீரில் அலசுவது, நடுராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது, அத்தனையும் அவள். ஒரு நாள் காலை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போனால் ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். அவள் போட வேண்டிய பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அத்தைக்கு மணி தவறாமல் மாத்திரை கொடுத்தவள், தனக்கு வாங்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் சொன்ன வார்த்தை இன்றும் காதில் நிற்கிறது. "அங்க போயி தூத்துப் பெருக்குதீங்க, நல்லதுதான். ஒரு நாள் உங்க அம்மை வாயத் தொடச்சு விடுங்க. அதுவும் அய்யாவுக்குச் செய்யுத பணிவிடைதான்."

மறுநாள் நான் பஞ்சை நனைத்து எடுத்தேன். கை நடுங்கியது. வாடை தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். அம்மா கண்ணைத் திறந்து, "மக்கா, நீயா?" என்றாள். ஐந்து மாதத்தில் என்னை அவள் அப்படி ஆச்சரியமாகப் பார்த்தாள் என்றால், அதுவரை நான் எங்கே இருந்தேன்?

அன்பர்களே, நம் அகிலத்திரட்டு சொல்லும் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். அய்யா வைகுண்டராய் வருவதற்கு முன்னால், அந்தத் திருமேனி கொடிய நோயில் கிடந்தது. அப்போது பார்த்தது யார்? வெயிலாள் அம்மை. திருச்செந்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவானபோது அந்தத் தாய் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தொட்டில் கட்டி, உற்றார் உறவினர் தோள்கொடுத்துத் தூக்கிப் போனார்கள். இதை நாம் ஏட்டு வாசிப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தொட்டில் கட்டித் தூக்க ஒரு ஆள் போதாது என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

மகன் கடலுக்குள் போன பிறகு அந்தத் தாய் மூன்று நாள் கரையில் காத்திருந்தாள். கடலை வற்றச் செய்ய அவளால் முடியாது. செய்ய முடிந்தது ஒன்றுதான்: போகாமல் இருப்பது. 1008ஆம் ஆண்டு மாசி 20 என்று நாம் கொண்டாடுகிற அவதார நாளுக்கு முன்னால், அழுதுகொண்டு கரையில் உட்கார்ந்திருந்த ஒரு தாயின் நாட்கள் இருக்கின்றன. குணப்படுத்த முடியாத நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கரையில்தான் இருக்கிறார்கள்.

நாம் வாழும் இந்தத் திருவதிகைக்கும் இதில் பங்கு உண்டு. கெடில நதிக்கரையில், வீரட்டானேசுவரர் கோயிலில் தொண்டு செய்துகொண்டிருந்த திலகவதியார் கதையை இங்கே சின்னப்பிள்ளையும் சொல்லும். தாய் தகப்பனை இழந்தவர். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோது தானும் உயிரை விடத் துணிந்தவர். தம்பிக்காக உயிர் வைத்திருந்தார். அந்தத் தம்பி பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், சமண மடத்தில் பெரியவராக இருந்தபோது சூலை நோய் வந்து குடலை முறுக்கியது. வலி தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக அக்காவைத் தேடி இங்கேதான் வந்தார். பிரிந்து போன தம்பியை அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எழுப்பினார், திருநீறு கொடுத்தார், விடியும் முன் கோயிலுக்குத் தன்னோடு அழைத்துப் போனார். அலகு பிடித்துக் கோயிலைப் பெருக்கிய அதே கைதான் நோயாளியையும் எழுப்பியது. எனக்கு அது இரண்டு வேலையாக இருந்தது. அந்த அம்மைக்கு ஒரே வேலை.

அப்பருக்குச் சூலை தீர்ந்தது. என் அம்மாவுக்குத் தீரவில்லை. இந்த இடத்தில்தான் நம்மில் சிலர் தெரியாமல் ஒரு கொடுமை செய்கிறோம். பார்க்க வந்த ஒருவர் என் மனைவியிடம், "பதம் ஒழுங்காக் குடுத்தியளா? நம்பிக்கை இருந்தா தீராத நோய் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அய்யா மண்ணும் தண்ணீரும் கொடுத்து நோய் தீர்த்தது ஏழைகளின் பாரத்தை இறக்க. பாரம் சுமப்பவள் தலையில் இன்னொரு கல்லை ஏற்றி வைக்க அல்ல. பதமும் நாமமும் கொடுங்கள், மாத்திரையும் கொடுங்கள். ஒன்றுக்கு ஒன்று விரோதம் இல்லை.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். வலிக்கு டாக்டர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அது போதை மருந்து, அய்யாவழியில இருக்கிறவங்க சாப்பிடலாமா?" என்று யாரோ சொல்ல, அம்மா வாயை மூடிக்கொண்டாள். ஒன்பது நாள் வலியில் துடித்தாள். பிறகு வீட்டுக்கு வந்த நர்ஸ் அம்மா பொறுமையாக விளக்கினார். கள்ளும் சாராயமும் நல்லா இருக்கிறவன் புத்தியைக் கெடுப்பது; இது வலியில் கெட்டுப்போன புத்தியைத் திருப்பித் தருவது. வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டியதில்லை, ஆயுளையும் குறைக்காது. வலி வந்த பிறகு ஓடித் தேடக் கூடாது. வருவதற்கு முன்னால், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து வாங்க வேண்டும். அளவை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

மாத்திரை கொடுத்த மறுநாள் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உகப்படிப்பு படித்தேன். அம்மாவின் உதடு கூடவே அசைந்தது. வலியில் "அய்யோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வாய், "அய்யா" என்று சொன்னது. அந்த மாத்திரையையா நாம் பாவம் என்றோம்?

இந்த மருந்துக்கு நாடே பயந்த காலம் உண்டு. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளே மார்பினை வைத்திருக்கத் தயங்கின. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். சட்டமே இறங்கி வந்த பிறகு நாம் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

இப்படி வலியையும் வேதனையையும் குறைத்து, நோயாளியையும் வீட்டாரையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். கைவிட்டவர்களுக்குச் செய்யும் வைத்தியம் என்று நினைக்கிறோம். அது தவறு. நோய் கண்ட நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். லண்டனில் 1967இல் இதற்கென்றே ஒரு இல்லம் திறந்த சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், உடம்பு வலி மட்டும் வலி அல்ல என்று சொன்னார். மனக்கவலை, வீட்டுக் கவலை, கடவுள் என்னை விட்டுவிட்டாரோ என்ற கவலை எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் முழு வலி என்றார். அந்த வலியில் பாதி கட்டிலில் கிடக்கிறது. மீதிப் பாதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நமக்குப் பக்கத்தில், கேரளத்துக் கோழிக்கோட்டில், 1993இல் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி நிவாரணத்துக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டாக்டர்கள் மட்டும் போதாது என்று தெரிந்ததும், மலப்புரம் பக்கத்து ஊர்மக்களே முன்வந்தார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக் கூடியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போனார்கள். வந்தவர்கள் வாத்தியார், கடைக்காரர், கூலிக்காரர் என்று நம்மைப் போன்றவர்கள்தான். 2008இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. நம் தமிழ்நாட்டிலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 104க்கு போன் செய்தாலும் விவரம் சொல்வார்கள்.

சென்னை அடையாற்றில் 1954 முதல் நடக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரி எப்படி வந்தது தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பக்கத்தில் இருந்து பார்த்த அந்த வேதனையை அவர் முப்பது வருடம் மறக்கவில்லை. ஒருவரைப் பார்த்துக்கொண்ட துக்கத்திலிருந்து ஆயிரம் பேருக்கு நிழல் வந்தது.

நாம் ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். நம் ஆலயத்தின் பெயரே நிழல் தாங்கல். வெயிலில் வருகிறவருக்கு நிழல், விழப்போகிறவருக்குத் தாங்கல். அந்தப் பெயருக்கு ஏற்றபடி செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில், தொடுங்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. எல்லாச் சாதியாரையும் ஒரே முத்திரிக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்த அய்யாவின் பிள்ளைகள் நாம். நெற்றியைத் தொட்டு நாமம் சாற்றுகிற வழி நம் வழி. அப்படிப்பட்ட நம் வீடுகளிலேயே நோயாளிக்குத் தனி டம்ளர் வைத்திருப்பது அய்யாவுக்கு அடுக்குமா?

இரண்டாவது, பார்க்கப் போனால் வேலையோடு போங்கள். ஆப்பிள் பழத்தோடு போய் அரை மணி நேரம் உட்கார்ந்து, காபி வாங்கிக் குடித்து, "எப்படி வந்துச்சு, எத்தனை நாள் சொல்லியிருக்காங்க" என்று கேட்டுவிட்டு வருவது உதவி அல்ல. "நான் ரெண்டு மணி நேரம் இங்க இருக்கேன், நீ போய்த் தூங்கு" என்று சொல்லுங்கள். ரேஷன் வாங்கிக் கொடுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுங்கள். புதுச்சேரி ஜிப்மருக்கோ சிதம்பரத்துக்கோ போகும் நாளில் கூடப் போங்கள். வரிசையில் ஒருவர் நின்றால் மற்றவர் உட்காரலாம்.

மூன்றாவது, புகழ்ந்துவிட்டு நகராதீர்கள். "நீ செய்யுதது தவம்மா" என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் தவம் செய்கிறவருக்கும் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். பெண்பிள்ளை என்றால் அவள்தான் பார்க்க வேண்டும் என்று ஆண்கள் ஒதுங்குவதும் சரியல்ல. தலைப்பாகை கட்டிக்கொண்டு அய்யா முன் நிற்கிற கைக்கு, மூத்திரச் சட்டியை எடுப்பது இழுக்கு இல்லை.

நான்காவது, காரியம் முடிந்து உறவினர் எல்லாம் போன பிறகு போங்கள். மாதக்கணக்கில் மணிக்கு மணி எழுந்த உடம்பு, யாரும் கூப்பிடாத ராத்திரியிலும் எழுந்துகொள்ளும். அம்மா போய் ஒரு மாதம் வரை என் மனைவி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில்தான் ஆள் வேண்டும்.

இனி, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் மாத்திரையை அவர்கள் மாத்திரையோடு ஒரே டப்பாவில் வையுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும்போது நீங்களும் போடுங்கள். திருப்பிப் படுக்க வைக்கவும், படுக்கைப்புண் வராமல் பார்க்கவும், வாயைச் சுத்தம் செய்யவும் நர்ஸிடம் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்; தெரிந்து செய்தால் இடுப்பு ஒடியாது. புண் நாற்றத்துக்கு மருந்து உண்டு, வெட்கப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். உதவி கேட்பது கடமையில் குறைவு அல்ல. கோபம் வந்து கத்திவிட்டால், பிறகு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் புரியும். மனம் ரொம்பப் பாரமாகி, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 14416க்கு போன் செய்யுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண், காசு கிடையாது. தாங்கலுக்கும் வாருங்கள்.

நம் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அய்யாவைத் தேடி வருகிறவனுக்கு அதில் தன் முகமே தெரிகிறது. உனக்குள் நான் இருக்கிறேன் என்பதை அய்யா அப்படித்தான் காட்டினார். நோயாளிக்குள் அய்யா இருக்கிறார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தூக்கமில்லாமல் கண் குழிந்து, தலை வாராமல் வந்து அந்தக் கண்ணாடி முன் நிற்கிற அந்தச் சகோதரிக்குள்ளும் அவர்தான் இருக்கிறார்.

ஆகவே சகோதரி, அன்று சொல்லாத பதில் இதுதான். சீக்கிரம் முடியட்டும் என்று உங்களுக்குத் தோன்றியது பாவம் இல்லை. அவர் சாக வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை. அவர் படும் பாடு முடிய வேண்டும் என்று நினைத்தீர்கள். அதில் உங்கள் களைப்பும் கலந்திருக்கிறது. களைப்புக்கு அய்யா கணக்கு எழுதுவதில்லை. நீங்கள் தாராளமாக அய்யா முன் நிற்கலாம். தலைகுனிய வேண்டியவர்கள், எட்டு மாதமாக உங்களைத் தனியே விட்ட நாங்கள்தான்.

வருகிற ஞாயிறு முதல் தாங்கல் வாசலில், பதம் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். ஒரு பக்கத்தில், வீட்டில் நோயாளி இருப்பவர்கள் என்ன உதவி, எந்த நேரம் என்று எழுதலாம். எழுதத் தயங்குகிறவர்கள் என்னிடம் காதில் சொன்னால் போதும். எதிர்ப் பக்கத்தில், வாரத்தில் எந்த இரண்டு மணி நேரம் தர முடியும் என்று மற்றவர்கள் எழுத வேண்டும். காணிக்கை கேட்கவில்லை, நேரம் கேட்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்: செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு முதல் நாலு. கடையை மகன் பார்த்துக்கொள்வான். சனிக்கிழமை ராத்திரிக்கு என் மனைவி தன் பெயரை எழுதியிருக்கிறாள். அவளுக்கு ராத்திரிதான் முக்கியம் என்று தெரியும்.

தொட்டில் கட்டியாகிவிட்டது. தோள் கொடுக்க வாருங்கள்.

அய்யா உண்டு.